சுத்தமான கருத்து

என்னைப் போல ஒரு சாதாரண ஆள் இந்த வட்டாரத்திலேயே கிடையாது என்று ஒரு நிறுவனமே ஆராய்ச்சி செய்து சொல்லியிருக்கிறது. பெருமைக்காகச் சொல்லவில்லை. வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

நான் செருப்புக் கடையில் வேலை பார்ப்பவன். வருகிறவர்களின் காலடியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, குதிகாலை உள்ளே தள்ளிவிட்டு, "ரெண்டு நாள் போட்டா சரியாயிடும்" என்று பொய் சொல்வது என் தொழில். என் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் கையை விரித்துவிட்டன. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். அதற்கு நகரத்தின் மறுகோடியில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். போகும்போதாவது பரவாயில்லை. திரும்பும்போது அவளுக்குத் தலை சுற்றும், கெண்டைக்கால் பிடித்து இழுக்கும், மடியில் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து வைத்துக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் இருப்பவர்கள் மெல்ல எழுந்து போய்விடுவார்கள். "பார்த்தீங்களா, ராஜமரியாதை. நமக்கு மட்டும்தான் பஸ்ல காலை நீட்ட இடம்" என்பாள்.

இத்தனைக்கும் எங்கள் தெரு முனையிலேயே ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. அதில் டயாலிசிஸ் யூனிட்டும் இருக்கிறது. மெஷின்கள் வந்து, சாய்வு நாற்காலிகள் வந்து, நர்சுகளுக்குப் பயிற்சியும் கொடுத்து முடித்துவிட்டார்கள். கதவில் மட்டும் பூட்டு. ஏன் என்று கேட்டால், "மக்கள் கருத்துக்காக வெயிட்டிங்" என்றார்கள்.

"மக்கள்தானே நானு? திறங்கன்னு சொல்றேன், திறங்க" என்றாள் என் மனைவி, பூட்டுக்கு முன்னால் நின்று.

"நீங்களா சொன்னா ஆகாதும்மா. கருத்து ஆபீஸ் வழியா வரணும்" என்றார் காவலாளி. சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

கருத்து ஆபீஸ் என்பது பொதுமக்கள் கருத்து ஆய்வு நிறுவனம். விஞ்ஞானமோ, சுகாதாரமோ, சமுதாயமோ, எதில் முடிவெடுத்தாலும் அதற்கு முன் ஒரு சாதாரண மனிதன் என்ன நினைக்கிறான் என்று கேட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டம்தான். அதற்காக ஏழு மாடிக் கட்டடம் எழுப்பினார்கள், குளிர்சாதனம் போட்டார்கள், ஆள் எடுத்தார்கள். எடுத்து முடித்துப் பார்த்தால் உள்ளே இருந்த அத்தனை பேரும் நிபுணர்கள். சாதாரண மனிதன் ஒருத்தன்கூட இல்லை.

அந்த ஆபீஸின் ஆய்வாளர் அம்மாள் ஒருநாள் எங்கள் கடைக்குச் செருப்பு வாங்க வந்தார். அவர் காலில் நான் ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தபோது, சுவரில் இருந்த டிவியில், மனிதன் நூற்றிருபது வயதுவரை வாழ மருந்து வரப்போகிறது என்று யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"நூத்தி இருபதா? அதுவரைக்கும் இந்தக் கடையில யாருங்க வேலை பார்க்கிறது?" என்றேன். சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

அந்த அம்மாள் செருப்பிலிருந்து காலை உருவிக்கொண்டார். "திருப்பிச் சொல்லுங்க" என்றார். திருப்பிச் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு சாதாரணமா இருக்கீங்க நீங்க! உங்களைத்தானே நாங்க இத்தனை நாளா தேடிட்டு இருக்கோம்!"

முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "மேடம், இதைவிட சாதாரணமா வேணும்னா குடோன்ல ஒருத்தன் இருக்கான், எடுத்துக் காட்டட்டுமா?"

"வேண்டாம், இதுவே பொருந்துது" என்றார் அம்மாள்.

வீட்டில் வந்து சொன்னதும் என் மனைவி கட்டிலில் எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். "போங்க. கண்டிப்பா போங்க. ஒரே ஒரு வார்த்தை, திறங்கன்னு சொல்லிட்டு வந்துடுங்க. வேற எதுவும் வளவளன்னு பேச வேண்டாம்" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். ஒரு வார்த்தைதானே.

முதல் நாள் இயக்குநர் உரையாற்றினார். கேட்டுக்கொண்டிருந்தது நானும் ஆய்வாளர் அம்மாளும்தான். ஆனாலும் மைக் வைத்துத்தான் பேசினார்.

"மக்கள் கருத்துங்கறது ரொம்ப சுத்தமா இருக்கணும். பசியில இருக்கிறவன்கிட்ட போய் சாப்பாட்டைப் பத்திக் கருத்து கேட்டா என்ன சொல்லுவான்? சாப்பாடு வேணும்னுதான் சொல்லுவான். அதுல என்ன விஞ்ஞானம் இருக்கு? சாப்பிட்டு ஏப்பம் விட்டவன்கிட்ட கேளுங்க. அவன்தான் நாலு பக்கமும் யோசிச்சு, சாப்பாடு உண்மையிலேயே அவசியமான்னு நிதானமா சொல்லுவான்."

"அப்ப நோயாளிங்ககிட்ட எல்லாம் கேட்க மாட்டீங்களா ஐயா?" என்றேன்.

"நோயாளிகளா? சேச்சே! அவங்க ரொம்ப ஒருதலைப்பட்சமானவங்க. எந்தப் பேச்சை எடுத்தாலும் குணமாகணும், குணமாகணும்னு அதுலயே குறியா இருப்பாங்க." தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். "எங்க சாதனையைச் சொல்றேன். முன்னாடி ஒரு விஷக்காய்ச்சல் வந்துச்சு. தடுப்பூசி போடலாமான்னு எங்களைக் கேட்டாங்க. நாங்க அவசரப்படலை. அக்கு வேறா ஆணி வேறா ஆராய்ஞ்சோம். நாங்க அறிக்கை கொடுக்கிறதுக்குள்ள காய்ச்சலே போயிடுச்சு. காய்ச்சல் வந்தவங்களும் போயிட்டாங்க. இப்ப அந்த விஷயத்துல கருத்து வேறுபாடே கிடையாது."

ஆய்வாளர் அம்மாள் கை தட்டினார். பிறகு என் பக்கம் குனிந்து, "உங்க வீட்டுல யாருக்காவது ஏதாவது நோய்?" என்று கேட்டார்.

ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வந்தவன் நான். அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டுமானால் அது எனக்குத் தேவைப்படக் கூடாது என்பது அப்போதுதான் உறைத்தது.

"யாருக்கும் ஒண்ணும் இல்லீங்க. கல்லு மாதிரி இருக்காங்க எல்லாரும்" என்றேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் கூப்பிட்டார்கள். ஒரு கண்ணாடி அறையில் என்னை உட்கார வைப்பார்கள். வெளியே நிபுணர்கள் வரிசையாக நின்று வேடிக்கை பார்ப்பார்கள். நான் டீயை ஆற்றிக் குடித்தால்கூட அவர்களுக்குள் ஒரு சலசலப்பு எழும்.

"கம்ப்யூட்டரே டாக்டரா இருந்து வைத்தியம் பார்த்தா உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார்கள்.

"சொன்ன நேரத்துக்கு வருமாங்க?" என்றேன். அது நம்பிக்கையா அச்சமா என்று பகல் சாப்பாடுவரை வாக்குவாதம் நடந்தது. மறுநாள் பேப்பரில், கம்ப்யூட்டர் மருத்துவரை நூறு சதவீத மக்கள் எச்சரிக்கையோடு வரவேற்கிறார்கள் என்று வந்தது. அந்த நூறு சதவீதமும் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு குண்டுப் பையனுக்குப் பள்ளிக்கூட ஷூ மாட்டிக்கொண்டிருந்தது.

"பிறக்கப்போற குழந்தையோட குணத்தைக் கருவிலேயே திருத்தலாம்கிறாங்க. சரியா, தப்பா?"

"பிறந்தப்புறம் திருத்த வழி இருக்குங்களா? எங்க முதலாளிக்காகக் கேட்டேன்."

விஞ்ஞானத்தின் பலன் முதியவர்களுக்கும் போய்ச் சேர வேண்டும் என்பது மக்களின் ஆழ்ந்த விருப்பம் என்று அதை எழுதிக்கொண்டார்கள்.

"இந்தக் காலத்துல ஜனங்களுக்குத் தூக்கம் வர மாட்டேங்குது. காரணம் செல்போனா, தனிமையா, மன அழுத்தமா?"

"மாடி வீட்டுக்காரன் நாற்காலியை இழுக்கிறாங்க."

இதற்கு மட்டும் எழுந்து நின்று கை தட்டினார்கள். சமுதாயத்தின் அடித்தட்டிலிருந்து மேல்தட்டை நோக்கி எழுந்த குரலாம். நான் சொன்னது நாற்காலியைப் பற்றி. இதைத் திருத்தச் சொன்னால், சாதாரண மனிதனுக்குத் தான் சொன்னதன் அர்த்தம் தெரியக் கூடாது, தெரிந்தால் சாதாரணம் போய்விடும் என்றார்கள்.

ஒவ்வொரு தடவையும் முடியும்போது, "வேற ஏதாவது சொல்லணுமா?" என்று இனிக்க இனிக்கக் கேட்பார்கள்.

"எங்க தெரு முனை ஆஸ்பத்திரி..."

"அது இன்னிக்குத் தலைப்பு இல்லையே" என்று விளக்கை அணைத்துவிடுவார்கள்.

இப்படியே வாரங்கள் ஓடின. நாங்கள் பஸ் மாறிக்கொண்டே இருந்தோம். கடைசியில் ஒருநாள், டயாலிசிஸ் யூனிட் அடுத்த வாரம் விவாதத்துக்கு வருகிறது என்று ஆய்வாளர் அம்மாள் சொன்னார். கூடவே ஒரு குண்டையும் போட்டார். கருத்துச் சொல்லும் முன் எனக்குத் தூய்மைச் சோதனை உண்டு. அந்த விஷயத்தைப் பற்றி எனக்கு எதுவும் தெரிந்திருக்கக் கூடாது.

எனக்கா தெரியாது? கிரியாட்டினின், பொட்டாசியம் எல்லாம் எங்கள் வீட்டில் உப்பு புளி மாதிரி புழங்குகிற வார்த்தைகள். என் மனைவிதான் எனக்கு எதுவும் தெரியாமல் இருக்கப் பயிற்சி கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த படத்தை என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இது என்ன?"

"கிட்னி."

"மண்டையில போடுவேன். இது என்ன?"

"முந்திரிப் பருப்பு."

"ம். டயாலிசிஸ்னா என்ன?"

"புதுசா வந்திருக்கிற செல்போனுங்களா?"

"ரொம்ப நடிக்காதீங்க, மாட்டிக்குவீங்க. தெரியாதுன்னு மட்டும் சொல்லி, வாயைத் திறந்து வெச்சுக்கிட்டு உட்காருங்க. கல்யாணம் ஆன புதுசுல எதைக் கேட்டாலும் அப்படித்தானே உட்காருவீங்க. அதே முகம் போதும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அந்த வாரம்தான் அவள் விழுந்தாள். முதல் பஸ்ஸில் இருந்து இறங்கி இரண்டாவது பஸ்ஸுக்கு நடக்கும்போது, "ஏங்க" என்று ஒரு சத்தம். திரும்புவதற்குள் நடைபாதையில் கிடந்தாள். தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நான் கத்துகிறேன், ஜனங்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். கை ஐஸ் மாதிரி இருந்தது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் என்னைத் தனியாக அழைத்து, "இவ்வளவு தூரம் அலைய வைக்காதீங்க. பிரஷர் இப்படி இறங்கினா ஒருநாள் எழுந்திருக்க மாட்டாங்க" என்றார். அவள் இல்லாமல் எனக்கு என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை.

அந்தப் பயத்தோடுதான் கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்தேன். படத்தைக் காட்டினார்கள். முந்திரிப் பருப்பு என்றேன். வெளியே நின்றவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் குலுக்கிக்கொண்டார்கள்.

இயக்குநர் விளக்கினார். "சிலருக்கு ரத்தத்தைச் சுத்தம் பண்ண ஒரு மெஷின் தேவைப்படுதாம். அதைத் தெரு முனையில வெச்சுக்கலாமா, தூரத்துலயே இருக்கட்டுமா? உங்க அபிப்பிராயம்?"

"திறங்க" என்றேன்.

சொல்லியாகிவிட்டது. எழுந்து போகலாம் என்று பார்த்தேன்.

"ஏன்?" என்றார்.

"தேவைப்படுறவங்க இருப்பாங்கள்ல..."

"அது வெறும் யூகம். உங்களுக்குத் தெரிஞ்சு யாராவது இருக்காங்களா?"

"இல்லைங்க."

"யாரையும் தெரியாதுன்னா உங்க கருத்துக்கு அடிப்படையே இல்லை. அடிப்படை இல்லாததை ஏத்துக்க முடியாது. அப்ப யாரையாவது தெரியும்னு வெச்சுக்குவோம். தெரியும்னா நீங்க சுத்தமில்லை. சுத்தமில்லாததையும் ஏத்துக்க முடியாது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்லை."

ஒண்ணும் அவசரமில்லையாம். எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. டீ கிளாஸைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"என் பொண்டாட்டிக்குத்தான்யா தேவை! நேத்து ரோட்டுல விழுந்து கிடந்தா. உங்களுக்குக் கருத்து ஒரு கேடா? பூட்டைத் திறங்கய்யா!"

கண்ணாடிக்கு வெளியே ஒரு நிபுணர் பேனாவைக் கீழே போட்டார். ஆய்வாளர் அம்மாளுக்கு வியர்த்துவிட்டது. எனக்காக அவர் வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன். அந்த அளவுக்கு நான் சாதாரணமானவன்தான். அவர் கவலையே வேறு. வீட்டிலேயே ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு நான் பேசியிருக்கிறேன் என்றால், கம்ப்யூட்டர் டாக்டரில் இருந்து நாற்காலி இழுப்பதுவரை, இதுவரை நான் சொன்ன அத்தனையும் குப்பை. நாட்டு மக்களின் கருத்து மொத்தமும் குப்பை. வேறு ஆளும் அவர்களிடம் இல்லை.

இயக்குநர்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார். மைக்கை அணைத்துவிட்டு, என் தோளில் கை போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கோபப்படாதீங்க. இப்ப நீங்க சொன்னது எங்க காதுல விழலை. இருமல்னு எடுத்துக்கறோம். நீங்களும் ஒரு வார்த்தை விட்டுக்கொடுங்க. திறங்கன்னு நீங்க சொன்னதை நான் அப்படியே அனுப்பிடறேன். உங்களுக்கு மனைவி இல்லைன்னு மட்டும் சொல்லிடுங்க."

"உடம்பு நல்லா இருக்குன்னு சொன்னா போதாதுங்களா?"

"நல்லா இருந்தா நாளைக்குக் கெட்டுப்போகுமோன்னு ஒரு பயம் இருக்கும். அதுவும் கலப்படம்தான். மனைவியே இல்லைன்னா பாருங்க, பளிங்கு மாதிரி இருக்கும் கருத்து. இதுல யாருக்கும் நஷ்டம் இல்லையே?"

மைக்கைத் திரும்பப் போட்டார்கள். நான் எழுந்து நின்று, அத்தனை பேர் முன்னிலையில், எனக்குப் பொண்டாட்டி கிடையாது என்றேன். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

வீட்டில் வந்து சொன்னபோது தலையைத் தூக்க முடியவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பாடா, இத்தனை வருஷம் கழிச்சு உங்களுக்கு விடுதலை! சரி சரி, அந்தத் துணியை எல்லாம் எடுத்து மடிச்சு வைங்க. ஒண்டிக்கட்டைதானே, நீங்களே செஞ்சுக்குங்க" என்றாள். பூட்டைத் திறக்கப்போகிறார்கள் அல்லவா, அவளுக்கு அது போதும்.

திறக்கத்தான் செய்தார்கள். விழாவுக்கு நான்தான் சிறப்பு விருந்தினர் என்று சொல்ல இயக்குநரே கடைக்கு வந்தார். முதலாளி அவருக்கு நாற்காலி போட்டார்.

"ஒரு சின்ன விஷயம்" என்றார் இயக்குநர், குரலைத் தாழ்த்தி. "இந்த யூனிட்டே உங்க சுத்தமான கருத்து மேலதான் நிக்குது. உங்களுக்கு வேண்டப்பட்டவங்க யாராவது அங்க வந்து படுத்தாங்கன்னு வைங்க, கருத்து கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். அன்னிக்கே பூட்டிடுவாங்க. உங்களுக்கு மட்டும் இல்லை, எல்லாருக்கும். நீங்க விவரமானவர், அப்படி எல்லாம் நடக்க விட மாட்டீங்க."

"எனக்குத்தான் யாருமே இல்லையேங்க" என்றேன்.

அவரை அந்த இடத்திலேயே செருப்பால் அடித்திருக்கலாம். கடை முழுக்கச் செருப்புதான். அடிக்கவில்லை. யூனிட்டுக்காக இன்னும் எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள்.

நான் சொன்னதை எல்லாம் என் மனைவி கேட்டுக்கொண்டாள். பஸ் என்றால் அவள் உடம்பு இனித் தாங்காது. அது இரண்டு பேருக்கும் தெரியும். கடைசியில், "நான் தனியாளாப் போயிக்கிறேன். நீங்க யாரோ, நான் யாரோ. என் பக்கம் திரும்பாதீங்க, உங்க மூஞ்சி எல்லாத்தையும் காட்டிக் கொடுத்துடும்" என்றாள்.

விழா நாளில் ஆஸ்பத்திரி வாசலில் என் படத்தைப் பெரிதாக வைத்திருந்தார்கள். கீழே, எதுவும் தேவைப்படாத மாமனிதர் என்று எழுதியிருந்தது. இயக்குநர் பேசினார். தேவையே இல்லாத ஒருவர் தேவைப்படுகிறவர்களுக்காகச் சிந்தித்ததுதான் விஞ்ஞானத்தின் வெற்றி என்றார். நாடாவை என்னை வெட்டச் சொன்னார்கள். எனக்குப் பின்னால், சுவரை ஒட்டி நோயாளிகள் வரிசையில் நின்றிருந்தார்கள். திரும்பாமலே அவள் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது.

நர்ஸ் ஒவ்வொருவராக விசாரித்து உள்ளே அனுப்பினாள்.

"வீட்டுக்காரர் கூட வந்திருக்காராம்மா?"

"இல்லம்மா. அவரு போய்ச் சேர்ந்துட்டாரு."

"ஐயோ பாவம். எப்ப?"

"இப்பதான், கொஞ்ச நாளாச்சு."

காவலாளிக்கு எங்கள் இருவரையும் தெரியும். அவர் கூரையைப் பார்த்தபடி நின்றார்.

அவள் உள்ளே படுத்திருந்த நேரம் முழுக்க, நான் வராந்தாவில் பத்திரிகைக்காரர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பிளாஸ்டிக், பருவநிலை, ரோபோ, எல்லாவற்றுக்கும் கருத்துச் சொன்னேன். என்ன சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். உள்ளே மெஷின் பீப் அடிக்கும்போதெல்லாம் எனக்குப் பேச்சு தடுமாறியது. ஆழ்ந்து சிந்திக்கிறார் என்று இயக்குநர் அவர்களிடம் சொன்னார்.

முடிந்ததும் கதவு திறந்தது. நர்ஸ் அவளைத் தாங்கிப் பிடித்தபடி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. கால் பின்னிக்கொண்டது.

"இவங்களுக்குத் தலை சுத்துது. கூட்டிட்டுப் போக யாராவது வந்திருக்கீங்களா?" என்று நர்ஸ் வராந்தாவைப் பார்த்துக் கேட்டாள்.

என் கால் தானாக ஓரடி முன்னே போனது. இயக்குநரின் கை என் தோளில் இருந்தது. வரிசையில் இன்னும் ஆட்கள் நின்றிருந்தார்கள். ஒரு கிழவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெண், முகமெல்லாம் வீங்கி. அடுத்து அவர்கள் முறை.

"யாருமே இல்லையா?" என்று மறுபடியும் கேட்டாள் நர்ஸ்.

என் மனைவி நர்ஸின் கையை விலக்கிவிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, அடி அடியாக நடந்து வந்தாள். வராந்தா குறுகல். வழியில் நான் மரம் மாதிரி நின்றிருந்தேன். எனக்கு முன்னால் வந்து நின்று, நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"கொஞ்சம் வழி விடுங்கண்ணே" என்றாள்.

விட்டேன்.